அக்கறைக்குப் படிப்பு தேவையில்லை

(தருமபுரியில் ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது பத்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் தன்னம்பிக்கை. அதில் பெற்றோருக்குள்ள பங்கு. இதைத் தருமபுரியில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. இந்த மாவட்டத்தில் 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம். இன்று ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். தாத்தா பாட்டிகளில் பலர் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள்.

இதனால் இரண்டு வாக்கியங்கள் நம் பள்ளிகளில் புழங்கிக்கொண்டே இருக்கின்றன. பெற்றோர் சொல்வது: "நாங்க படிக்காதவங்க சார், எங்களுக்கு என்ன தெரியும், நீங்களே பாத்துக்குங்க." ஆசிரியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது: "வீட்டுல படிச்சவங்க யாரும் இல்ல, நாம மட்டும் என்ன பண்ண முடியும்?" முதல் வாக்கியத்தில் பணிவு இருக்கிறது, இரண்டாவதில் சலிப்பு இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கின்றன: படித்த வீட்டில்தான் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வளரும் என்பது அது. அந்த நம்பிக்கை தவறு என்பதே இன்று நான் சொல்ல வந்தது. இந்த வயதுப் பிள்ளையின் தன்னம்பிக்கைக்குப் பெற்றோரிடமிருந்து வரவேண்டியது அக்கறை. அதற்கு எழுத்தறிவு முன்நிபந்தனை இல்லை.

தன்னம்பிக்கை என்பதில் இரண்டு உணர்வுகள் சேர்ந்திருக்கின்றன. 'நான் மதிப்புள்ள ஆள்' என்னும் தன்மதிப்பு ஒன்று. 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்பது மற்றொன்று. முதலாவது பிறர் நம்மை நடத்தும் விதத்தில் பிறக்கிறது. இரண்டாவது நாமே செய்து பார்ப்பதில் பிறக்கிறது. இரண்டிலும் வீட்டின் கை இருக்கிறது. அதை எட்டுக் குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. ஆறாம் வகுப்பு என்னும் திருப்பம்

கொட்டாய் கொட்டாயாகச் சிதறிக் கிடக்கும் நம் ஊர்களில் பலவற்றில் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. அதன் பிறகு பிள்ளை பக்கத்து ஊருக்கோ அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களுக்கோ பேருந்து ஏறவேண்டும். ஐந்தாண்டுகளாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியர் அங்கே இல்லை. பாடத்துக்கு ஓர் ஆசிரியர். வகுப்பில் பாதிப் பேர் முகம் தெரியாதவர்கள். அதே நேரத்தில்தான் குரல் உடைகிறது, பருக்கள் வருகின்றன, பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிறார்கள். தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் இந்த வயதில்தான் கூர்மையாகிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த ராபர்ட்டா சிம்மன்சும் மாரிஸ் ரோசன்பர்க்கும் 1973இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இங்கே பொருந்தும். ஒரே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் பழைய பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் இருந்தவர்களையும், புதிய பள்ளிக்கு மாறி ஏழாம் வகுப்பில் இருந்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். தன்னைப் பற்றிய கலக்கம் பள்ளி மாறியவர்களிடமே கூடுதலாக இருந்தது. வயது மட்டும் பிள்ளையைக் குலைப்பதில்லை. பழகிய இடம் கைநழுவுவதும் சேர்ந்து குலைக்கிறது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளையை முதன்முதலாக ஒன்றாம் வகுப்பில் விடும்போது குடும்பமே பள்ளிக்கு வருகிறது. ஆறாம் வகுப்பில் சேர்த்த பிறகோ "பெரிய புள்ள ஆயிட்டான், அவனே போயிக்குவான்" என்று விட்டுவிடுகிறோம். துணை மிகவும் தேவைப்படும் வேளையில் கையை எடுத்துக்கொள்கிறோம்.

2. திட்டும் வீட்டைவிட மோசமானது கண்டுகொள்ளாத வீடு

ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட நூல் தன்மதிப்பு பற்றிய ஆய்வின் அடித்தள நூல்களில் ஒன்று. நியூயார்க் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேள்விகள் கேட்டு எழுதப்பட்டது. பெற்றோரின் அக்கறையை அளக்க அவர் எடுத்துக்கொண்டவை மிக எளிய அடையாளங்கள். பத்துப் பதினொரு வயதில் உன் நண்பர்கள் யாரென்று அம்மாவுக்குத் தெரியுமா? மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்தபோது வீட்டில் என்ன செய்தார்கள்? சாப்பிடும் வேளையில் உன் பேச்சைக் கேட்டார்களா?

பெற்றோருக்குத் தன்மேல் ஈடுபாடு இருந்ததாகச் சொன்னவர்களின் தன்மதிப்பு உயர்ந்திருந்தது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மற்றொன்று. மதிப்பெண் குறைந்தால் திட்டு மட்டுமே வாங்கியவர்களைவிட, மதிப்பெண் அட்டையை யாருமே பொருட்படுத்தாத வீட்டுப் பிள்ளைகளின் தன்மதிப்பு தாழ்ந்திருந்தது. திட்டு வாங்கும் பிள்ளைக்கு 'என் விஷயம் இவர்களுக்குப் பெரிது' என்றாவது தெரிகிறது. யாரும் கேட்காத பிள்ளைக்கு அதுகூடத் தெரிவதில்லை.

திட்டுவதற்கு இது அனுமதி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் 1967இல் வெளியிட்ட ஆய்வு பத்து முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களைப் பற்றியது. தன்மதிப்பு உயர்ந்த சிறுவர்களின் வீடுகளில் அவர் மூன்றைக் கண்டார்: பிள்ளையை அவனாகவே ஏற்றுக்கொள்வது, எது கூடும் எது கூடாது என்பதைத் தெளிவாக வைத்து அதில் உறுதியாக நிற்பது, அந்த எல்லைக்குள் பிள்ளையின் கருத்துக்கும் இடம் தருவது. கட்டுப்பாடு பிள்ளையைச் சிறுமைப்படுத்துவதில்லை. "உன்னப் பெத்ததுக்கு" என்று தொடங்கும் பேச்சும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிக் குத்துவதும்தான் சிறுமைப்படுத்துகின்றன.

3. பாடம் சொல்லித்தருவது பெற்றோரின் வேலை அன்று

பெற்றோர் பங்கேற்பு என்றவுடன் நம் மனத்தில் எழும் படம், மாலையில் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தரும் தாய். அந்தப் படத்தில் தனக்கு இடமில்லை என்று எண்ணிப் படிக்காத தாய் ஒதுங்கிக்கொள்கிறாள்.

நான்சி ஹில்லும் டயானா டைசனும் இந்தப் பள்ளிப் பருவத்தைப் பற்றி வெளிவந்த 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உதவுவது இந்த வயதில் பிள்ளையின் படிப்புக்குத் துணை செய்ததாகத் தெரியவில்லை. பல ஆய்வுகளில் எதிர்மாறான விளைவே இருந்தது. பிள்ளை ஏற்கெனவே தடுமாறும்போது பெற்றோர் உட்காருவதும், உட்கார்ந்து உதவுவது நெருக்குவதாக மாறிவிடுவதும் அதற்குக் காரணங்களாகலாம். மிகுந்த பயன் தந்தது வேறொன்று: படிப்பு எதற்காக என்று பேசுவது, பிள்ளையிடம் தாம் எதிர்பார்ப்பதைச் சொல்வது, பாடத்தை வாழ்க்கையோடு சேர்த்துக் காட்டுவது, நாளைய திட்டத்தைப் பிள்ளையோடு சேர்ந்து யோசிப்பது.

இவற்றில் எதற்கு எழுத்தறிவு வேண்டும்? தக்காளிக் கூடையைப் பாலக்கோடு சந்தையில் இறக்கிவிட்டு வரும் தந்தைக்கு, விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியும். "கூடைக்கு இவ்ளோ, வண்டி வாடகை இவ்ளோ, நமக்கு நின்னது எவ்ளோ, சொல்லு சாமி" என்று அவர் கேட்டால் அது கணக்குப் பாடம் மட்டுமில்லை. 'உன் படிப்பு நம் வீட்டுக்குப் பயன்படுகிறது' என்று பிள்ளையிடம் சொல்வதும் ஆகும்.

பிள்ளை பேசினால் காது கொடுப்பது அதைவிட எளிது. இந்த மண்ணின் பழம்பெயர் தகடூர். இங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 92ஆம் பாட்டில் குழந்தையின் மழலையைப் பற்றிப் பேசுகிறார். இசை நயமும் காலக் கணக்கும் பொருளும் இல்லாத அந்தச் சொற்கள் தந்தைக்கு அருளைச் சுரக்கச் செய்கின்றன. தன் சொற்களையும் அதியமான் அப்படித்தான் ஏற்கிறான் என்கிறார். மழலைக்குக் கிடைக்கும் அந்தச் செவி, பன்னிரண்டு வயதில் பேச்சு தெளிவாகி, கேள்வியாகவும் மறுப்பாகவும் மாறும்போதும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். "எதிர்த்துப் பேசாத" என்று வாயை அடைத்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வகுப்பில் கையைத் தூக்காது.

4. செய்து பெறும் நம்பிக்கை

ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். பிறர் சொல்லும் ஊக்கச் சொல் அதற்குக் கீழான நிலையில்தான் இருக்கிறது. "உன்னால முடியும், உன்னால முடியும்" என்று நூறு தடவை சொல்வதைவிடப் பிள்ளையை நம்பி ஒரு பொறுப்பைக் கையில் கொடுப்பது மேல்.

நம் மாவட்டத்து வீடுகள் இதில் ஏழ்மையானவை அல்ல. வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்புவது, கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வது, மருந்துச் சீட்டில் எத்தனை வேளை என்று பார்ப்பது, நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்ப்பது, பட்டுப்புழு மனையில் எந்த வேளைக்கு மல்பெரித் தழை போட்டாயிற்று என்று குறித்து வைப்பது. படிக்காத வீட்டில் இவற்றைப் பிள்ளைதான் செய்கிறது. படித்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. "எங்க புள்ளதான் பாத்துச் சொன்னா" என்று நாலு பேர் முன்னால் தாய் சொல்லும்போது, அந்த வேலை பிள்ளைக்குப் பெருமையாகிறது. "இதுகூடத் தெரியல, உன்ன எதுக்குப் படிக்க வெச்சோம்" என்று சொல்லும்போது அதே வேலை அவமானமாகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொறுப்புக் கொடுப்பது வேறு, வேலை வாங்குவது வேறு. பள்ளி நேரத்தையும் தூக்கத்தையும் விளையாட்டையும் தின்னும் எந்த வேலையும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை தராது.

பாராட்டுவதிலும் ஒரு கவனம் தேவை. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். ஒரு சாராரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றார்கள். மற்றொரு சாராரிடம் 'நன்றாக முயன்றாய்' என்றார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தபோது முதல் சாரார் சீக்கிரம் சோர்ந்தார்கள். அதற்கடுத்த சுற்றில் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். தம் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில் கணிசம். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் விடாமல் முயன்று முன்னேறினார்கள். உழைப்பின் அருமையை நம் மக்களைவிட நன்கு அறிந்தவர் யார்? பிள்ளையின் படிப்பிலும் அந்த உழைப்பையே பார்த்துப் பாராட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

5. ஊர் சொல்வதும் வீடு சொல்வதும்

ரோசன்பர்க்கும் சிம்மன்சும் பால்டிமோரில் செய்த ஆய்வின் மற்றொரு முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நிறத்தால் இழிவுபடுத்தப்பட்ட கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளையினப் பிள்ளைகளைவிடத் தாழ்ந்திருக்கும் என்றே அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். அப்படித் தாழ்ந்திருக்கவில்லை. தன்னைப் பற்றிய முடிவைப் பிள்ளை தொலைவில் இருக்கும் சமூகத்திடம் கேட்டுப் பெறுவதில்லை. தாய், தந்தை, நண்பர், ஆசிரியர் ஆகியோரிடமே கேட்டுப் பெறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

பின்தங்கிய மாவட்டம் என்ற சொல்லைக் கேட்டே வளரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய செய்தி. சாதியைச் சொல்லி யாரேனும் தாழ்த்தும்போது, "குறை உங்கிட்ட இல்ல, சொன்னவன்கிட்ட இருக்கு" என்று அன்று மாலையே வீடு சொல்ல வேண்டும். சொல்வதோடு நிற்காமல் பள்ளிக்கு வந்து கேட்கவும் வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு காயமும் உண்டு. இங்குள்ள நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். நிலைப்பற்களின் எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்த நீரைத் தொடர்ந்து குடித்தால், பற்கள் வெள்ளைத் திட்டுகளோடும் பழுப்புக் கறையோடும் முளைக்கும். எத்தனை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. அதனால்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃப்ளூரைடு பாதிப்பைத் தணிக்கும் நோக்கத்தையும் சேர்த்து அமைக்கப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. பல்லில் கறையுள்ள பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். படம் எடுத்தால் உதட்டை இறுக்கும். மேடைக்குக் கூப்பிட்டால் பின்வாங்கும். அதனிடம் "பல்லு வெளக்க மாட்டியா?" என்று கேட்பது அநியாயம். "இது தண்ணியால வந்தது, உன் தப்பில்ல" என்று பெற்றோர் விளக்க வேண்டும். இளைய பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து அந்தத் திட்டத்தில் வரும் ஆற்று நீரையே தர வேண்டும். குழாயில் அந்த நீர் வராத தெரு என்றால் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். தனக்காகத் தாய் எழுந்து பேசுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தன்னம்பிக்கைப் பாடம் இல்லை.

6. தொலைவில் இருக்கும் பெற்றோர்

மழை பொய்த்தால் இந்த மாவட்டத்திலிருந்து பெங்களூரின் கட்டட வேலைக்கும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும், கேரளத்துக்கும் குடும்பங்கள் போகின்றன. பொம்மிடியிலும் மொரப்பூரிலும் தருமபுரியிலும் ரயில் ஏறும் பெற்றோரில் பலர் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆனால் தொலைவும் அக்கறையின்மையும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டும். வாரம் தோறும் பேசும் அழைப்பு "சாப்பிட்டியா, பாட்டிக்குத் தொந்தரவு குடுக்காத, பணம் போட்டிருக்கேன்" என்று முடிந்துவிட்டால் போதாது. போன வாரம் பிள்ளை சொன்ன ஒன்றை நினைவில் வைத்திருந்து இந்த வாரம் கேளுங்கள்: "அந்தக் கபடிப் போட்டி என்னாச்சு? உன் பக்கத்துல உக்கார்ற பையனுக்குக் காய்ச்சல்னு சொன்னியே, வந்துட்டானா?" ரோசன்பர்க் தேடிய அடையாளங்கள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கின்றன. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். அவர்களுடைய விடுதிக் காப்பாளர் அழைப்பு நேரத்தை ஒரு சலுகையாகக் கருதாமல் பிள்ளையின் உரிமையாகக் கருத வேண்டும்.

7. பெண் பிள்ளைக்குத் தரும் வாக்கு

பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் மஞ்சள் நீராட்டு நடத்தி ஊரைக் கூட்டுகிறோம். அந்தப் பந்தலிலேயே, "இனி எத்தன வருஷம் படிக்க வைக்கப்போற?" என்று உறவினர் கேட்கிறார்கள். பெற்றோர் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறோம். ஆனாலும் பதினெட்டு வயதுக்கு முன் நடக்கும் திருமணங்கள் இந்த மாவட்டத்தில் ஓயவில்லை. திருமணம் நடக்காத வீட்டில்கூட அந்த அச்சம் பிள்ளையின் படிப்பின்மேல் நிழலாக நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை எதற்காக முழு மனத்தோடு முயல வேண்டும்? நாளை என்ற ஒன்று தன் கையில் இல்லை என்று நினைப்பவளிடம் 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எப்படி வேர்விடும்?

அரசின் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அது தருகிறது. கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள். பெற்றோரின் வாக்கும் அங்கிருந்தே தொடங்கட்டும். "நீ எவ்ளோ படிக்கணும்னு நெனைக்கிறியோ அவ்ளோ படி, கல்யாணப் பேச்சு அதுக்கப்புறம்தான்" என்று தகப்பன் உறவினர் முன்னிலையில் சொல்லட்டும். தனியறையில் சொல்லும் ஆறுதலைவிட ஊர் அறியச் சொன்ன வாக்குக்கு வலிமை அதிகம். அதை மாற்றுவது சொன்னவருக்கே கடினம்.

8. பள்ளி திறக்க வேண்டிய கதவு

இதுவரை பெற்றோரிடம் பேசினேன். இனி ஆசிரியர்களிடம் பேசுகிறேன்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு இந்தக் குழுக்களை மாநிலம் முழுவதும் புதிதாக அமைத்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் தலைவியாக அமரக்கூடிய ஏற்பாடு இது. ஆனால் தீர்மானத்தை யாரோ எழுதிவிட, தலைவி கையெழுத்து மட்டும் போட்டால், அவள் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது 'என் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது' என்பதைத்தான். தீர்மானத்தைப் படித்துக் காட்டி, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டு எழுதினால் பிள்ளையின் கண்ணில் தாய் உயர்கிறாள். தாய் உயர்ந்தால் பிள்ளையும் உயர்கிறது.

பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்கிறோம். வந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது? மதிப்பெண் குறைந்த பட்டியலும், மற்றவர் முன்னிலையில் ஒரு கண்டிப்பும். அதற்காக ஒரு நாள் கூலியை யார் இழப்பார்கள்? கூட்டத்தை மாலையில் வையுங்கள். குறையைச் சொல்வதற்கு முன் பிள்ளையிடம் நீங்கள் கண்ட ஒரு நல்லதை, பொதுப்படையாக இல்லாமல், எப்போது எங்கே கண்டீர்கள் என்பதோடு சொல்லுங்கள். வயலிலும் கட்டடத்திலும் வேலை செய்யும் பெற்றோரை வகுப்புக்கு அழைத்து அவர்களுடைய தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

பெரியோர்களே,

வறுமையும் தண்ணீர்ப் பஞ்சமும் வேலையின்மையும் பெற்றோரின் அக்கறையால் மட்டும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். அது எல்லாம் நடந்து முடியும்வரை பன்னிரண்டு வயது காத்திருக்காது என்பதால்தான் வீட்டைப் பற்றிப் பேசினேன்.

நாளைய ஆசிரியர்களே, நீங்கள் வேலைக்குச் செல்லும் முதல் பள்ளியில் ஒரு தந்தை உங்களிடம் வந்து "நாங்க படிக்காதவங்க" என்று சொல்லப்போகிறார். அவரிடம் வெறுமனே தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். பிள்ளையின் நண்பர் யாரென்று அவரிடம் கேளுங்கள். தெரியாவிட்டால், இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் பிள்ளை பேசக் கேட்பதும், வீட்டில் ஒரு பொறுப்பை நம்பி ஒப்படைப்பதும், பிறர் முன்னிலையில் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் தன்னால் முடியும் என்று அவரே சொல்லும்வரை பேசுங்கள். தன் அக்கறைக்கு இவ்வளவு ஆற்றல் உண்டு என்று அந்தத் தகப்பன் முதலில் நம்ப வேண்டும். பிள்ளையின் தன்னம்பிக்கைக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் வேலை அதுதான்.